பாலும் பிரம்பும்

ஆடி அமாவாசைக்கு முந்திய நாள் டி. கல்லுப்பட்டியிலிருந்து பேரையூருக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதற்குப் பூர்வஜன்மப் புண்ணியம் வேண்டும். எனக்கு அந்தப் புண்ணியம் பாதிதான் இருந்தது. ஒரு கிழவி தன் துணி மூட்டையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல ஒண்டிக்கிட்டு உக்காருங்க தம்பி" என்றாள். அந்த அரை இடத்துக்கு நான் கொடுத்த விலை, அவள் சொன்ன கதையைக் கேட்டது. வாங்கின பொருளுக்கு விலை மிகவும் குறைவு என்று இறங்கும்போது தெரிந்தது.

சதுரகிரியை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. மதுரை ஜில்லா பேரையூர் தாலுகாவில், சாப்டூரை ஒட்டிய மேற்கு மலைத் தொடரில் இருக்கிறது அது. சுந்தர மகாலிங்கம், சந்தன மகாலிங்கம் என்று இரண்டு சந்நிதிகள் அங்கே பிரசித்தம். பெரும்பாலோர் விருதுநகர் ஜில்லாவில், வத்திராயிருப்புக்கு மேற்கேயுள்ள தாணிப்பாறையிலிருந்து ஏறுகிறார்கள். சாப்டூர்ப் பக்கத்திலிருந்தும் பாதை உண்டு. ஆடி அமாவாசை அங்கே பெரிய விசேஷம். 2015 மே மாதத்தில் திடீரென்று வந்த காட்டாற்று வெள்ளத்தில் பக்தர்கள் சிலர் மாண்டு போனார்கள். அதற்குப் பிறகு மலையேறும் கட்டுப்பாடுகள் இறுகின. 2021ல் இந்தக் காடுகள் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தன. ஆனாலும் சித்தர்கள் இன்னும் உலவுகிறார்கள் என்று நம்பி வருகிற கூட்டம் குறையவில்லை.

கிழவி இப்போதெல்லாம் ஏறுவதில்லையாம். முழங்கால் இடங்கொடுக்கவில்லை. சாப்டூரில் மகள் வீட்டுத் திண்ணையிலிருந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவாளாம். ஏற முடியாத குறையைச் சொல்லித் தீர்த்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்.

அவள் சொன்ன கதை இதுதான். மலையடிவாரத்தில் பச்சைமால் என்று ஓர் இடையன். அவன் மனைவி சடைமங்கை. பசுக்களை மலையில் மேய்த்துக் கறந்த பாலை மாமனார் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பது அவள் வேலை. ஒரு நாள் வழியில் ஒரு துறவி கை நீட்டிப் பால் கேட்டார். கொடுத்தாள். மறுநாளும் கேட்டார், மறுநாளும் கொடுத்தாள். வீட்டில் பால் குறைகிறதே என்று மாமனாருக்குச் சந்தேகம் வந்தது. மகனிடம் சொன்னார். பச்சைமால் பின்னாலேயே போய் மறைந்திருந்து பார்த்தான். கண்டான், அடித்தான். துறவிக்கு மனம் பொறுக்கவில்லை. அவளைச் சடதாரி என்ற காவல் தெய்வமாக்கிவிட்டு அவரும் மறைந்து போனார்.

மனைவியை இழந்த பச்சைமால் மலையிலேயே தங்கிவிட்டான். அங்கே தவம் செய்த சுந்தரானந்தர் முதலிய சித்தர்களுக்குத் தொண்டு செய்தான். சிவபூஜைக்கான பாலுக்கென்றே ஒரு காராம்பசுவைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தான். ஒரு நாள் அந்தப் பசுவின் மடியில் வாய் வைத்து ஒரு துறவி பால் குடித்துக்கொண்டிருந்தார். பூஜைப் பாலை எச்சில்படுத்துகிறவன் யார் என்று பச்சைமாலுக்குக் கண் சிவந்தது. கையிலிருந்த பிரம்பால் தலையில் அடித்தான். துறவி போர்த்திருந்த புலித்தோல் நழுவியது. நின்றவர் சிவன்.

இங்கே கிழவி நிறுத்திவிட்டாள்.

"அப்புறம் என்ன ஆச்சு, ஆத்தா?"

"அப்புறமென்ன தம்பி? அடி விழுந்துச்சு. சாமி சாஞ்சுபோச்சு. இன்னைக்கும் சாஞ்சுதான் இருக்கு. மேல போயிப் பாருங்க."

மறுநாள் அடிவாரத்துக் கடையில் ஒரு சிறு புத்தகம் வாங்கினேன். கதை அதிலும் இருந்தது. ஆனால் கிழவி நிறுத்திய இடத்தில் அது நிற்கவில்லை. சுவாமி பச்சைமாலைத் தேற்றுகிறார். 'நீ உண்மையில் இடையன் இல்லை. தேவலோகத்தில் யாழ் மீட்டி என்னை மகிழ்வித்த யாழ்வல்ல தேவன். ஒரு சிறு பிழையால் பூமியில் பிறந்தாய். உன்னை மீட்கவே வந்தேன்' என்கிறார். சித்தர்கள் வேண்டிக்கொள்ள, மகாலிங்கமாக அங்கேயே எழுந்தருளுகிறார். சுபம்.

கதை எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் எனக்கு இந்த முடிவில் ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கதையின் கட்டுக்கோப்பைப் பாருங்கள். இதில் இரண்டு அடிகள் இருக்கின்றன. இரண்டுக்கும் காரணம் பால். இரண்டு தடவையும் பால் போய்ச் சேர்ந்தது ஒரு துறவியிடம். இரண்டு தடவையும் அடித்தவன் ஒருவனே. இப்படி ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கிற இரண்டு சம்பவங்களை ஒரு கதையில் அமைப்பதற்கு நாங்கள் எத்தனை தாளைக் கிழித்துப் போடுகிறோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். பெயர் தெரியாத மலையடிவாரத்து மனிதர்கள் அதை அலட்டிக்கொள்ளாமல் செய்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டு அடிக்கும் நடுவே பச்சைமால் மாறிவிட்டான் என்றுதான் நாம் நினைக்கிறோம். எந்தக் காரியத்துக்காக மனைவியை அடித்தானோ, அதே காரியத்தை இப்போது அவனே செய்கிறான். துறவிகளுக்குப் பால் கொடுக்கிறான். வருந்தித் திருந்தின மனிதன் என்று அவனை நம்புகிறோம். அந்த நம்பிக்கையைத்தான் இரண்டாவது அடி உடைக்கிறது. அன்றைக்கு அப்பன் வீட்டுப் பாலுக்குக் காவல் நின்றான். இன்றைக்குச் சாமியின் பாலுக்குக் காவல் நிற்கிறான். முதலாளி மாறியிருக்கிறார், காவற்காரன் மாறவில்லை. சாமிக்கென்று வைத்த பாலைச் சாமி குடித்ததற்காகச் சாமியையே அடித்தான் என்றால், இதைவிடக் கூரான ஹாஸ்யம் எந்த நாவலில் இருக்கிறது? பக்தியின் பெயரால் கணக்கும் காவலும் நடத்துகிற எல்லாருடைய முகமும் அந்தப் பிரம்படியில் தெரிகிறது. என் முகமும் தெரிந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

சடைமங்கையைப் பாருங்கள். அவள் கேட்டவரின் யோக்யதையை விசாரிக்கவில்லை. வந்தவர் யார், எந்த மடம், கொடுத்தால் என்ன புண்ணியம் என்று கேட்கவில்லை. பால் கேட்டார், கையில் பால் இருந்தது, கொடுத்தாள். அவ்வளவுதான். அவள் புருஷனோ பாலின் போக்குவரத்தையெல்லாம் அறிந்தவன். அறிந்தும் கடவுள் எதிரே நின்றபோது அவனுக்கு அடையாளம் தெரியவில்லை.

இப்போது சாபத்தின் கதைக்கு வருவோம். 'அவன் தேவன், சபிக்கப்பட்டு வந்தவன், மீட்கப்பட்டான்' என்று சொன்ன உடனே என்ன ஆகிறது? இரண்டாவது அடி மீட்சிக்கு வழியாகிவிடுகிறது. அடித்தது நல்லதாகவே போயிற்று என்ற தொனி வந்துவிடுகிறது. முதல் அடியைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. சடைமங்கை தெய்வமானாள் என்ற ஒரு வரியோடு அவள் கணக்கு முடிந்தது. சாமியை அடித்ததற்குச் சமாதானம் தேடிப் பூர்வஜன்மம்வரை போகிற புராணகாரர், மனைவியை அடித்ததற்கு ஒரு சமாதானமும் தேடவில்லை. தேட வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை. என் வழக்கு இதுதான்.

நம் நாட்டுத் தலபுராணங்களில் அடிபட்ட சாமிகள் பலர். சிதம்பரத்துக்கு அருகேயுள்ள திருவேட்களத்தில், வேடனாய் வந்த சிவனை அர்ச்சுனன் வில்லால் அடித்த கதையைச் சொல்வார்கள். திருவள்ளூரை அடுத்த திருப்பாசூரில், மூங்கில் புதரை வெட்டியபோது வாசி என்ற கருவி பட்ட தழும்பு லிங்கத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் அங்கெல்லாம் அடித்தவனுக்கும் சாமிக்கும் இடையே மட்டும் நடக்கிற விஷயம் அது. நடுவில் அடிபட்ட மூன்றாவது ஆள் கிடையாது.

மூன்றாம் பேரை மறக்காத கதை ஒன்றை மதுரைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அறுபத்து நான்கு திருவிளையாடல்கள்; அறுபத்தோராவது, மண் சுமந்தது. வைகையில் வெள்ளம். வீட்டுக்கு ஓர் ஆள் கரையடைக்க வேண்டுமென்று உத்தரவு. ஆளில்லாத பிட்டு வாணிச்சி வந்திக்குக் கூலியாளாக வருகிறார் சொக்கநாதர். பிட்டைத் தின்றுவிட்டு வேலை செய்யாமல் ஆடிப் பாடித் தூங்குகிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி அடித்த பாண்டியன் முதுகிலும் விழுகிறது. ராணி முதுகிலும் மந்திரிமார் முதுகிலும், உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் விழுகிறது. ஆவணி மாதத்துப் பிட்டுத் திருவிழாவில் வருஷம் தவறாமல் நாம் கொண்டாடுவது இந்த அடியைத்தான்.

அங்கே அடித்தவனைத் தேற்றிக் கதை நழுவிவிடவில்லை. அடித்தால் வலிக்கும், உனக்கே வலிக்கும் என்று முதலில் காட்டிவிட்டுத்தான் மற்றதெல்லாம். ராஜாவாக இருந்தாலும் முதுகு முதுகுதான். சதுரகிரியில் பச்சைமாலின் முதுகில் ஒன்றும் விழவில்லை. விழுந்தது அவன் மனைவி மேலும், கடவுள் தலையிலும்.

'புராணத்தை நாவல் மாதிரி படிக்கலாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பக்திமான், நன்றாகப் படித்தவர். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தப்புச் செய்தவனுக்கும் கதி உண்டு என்று சொல்வதற்காகவே புராணம் இருக்கிறது. கையில் பிரம்போடு வாழ்கிற கோடிக்கணக்கான பேருக்கு, உனக்கும் விமோசனம் உண்டு என்று சொல்கிற ஒரு குரல் வேண்டாமா? வேண்டும். மன்னிப்பை நான் மறுக்கவில்லை. ஆனால் மன்னிப்பதற்கும் 'நீ அடித்தவனே இல்லை, வேறு ஆள்' என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது. இடையனான பச்சைமாலை மன்னித்திருந்தால் அது பெரிய கருணை. அவனைத் தேவனாக்கி மன்னித்ததில், இடையனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த மலைக் கதைக்காரர்களுக்கு முடிக்கத் தெரியாது என்று நினைத்துவிட வேண்டாம். அங்கேயே இன்னொரு கதை இருக்கிறது. வாமதேவன் என்ற வணிகன் சிவாலயம் கட்டத் தொடங்கிப் பாதியில் பணமில்லாமல் தவித்தான். காலாங்கிநாதர் மூலிகைத் தைலம் ஒன்றால் பொன் செய்து கொடுத்தார். கோயில் முடிந்தது, தைலம் மிஞ்சியது. மிஞ்சியதைச் சித்தர் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒரு கிணற்றில் கொட்டி மூடிவிட்டார். கருப்பசாமியைக் காவல் வைத்தார். ஏறுகிற பாதையில் பிலாவடிக் கருப்பு இன்றும் இருக்கிறார். இங்கே சாபமும் இல்லை, பூர்வஜன்மமும் இல்லை. வேண்டிய அளவு கிடைத்தது, மீதி மூடப்பட்டது என்று கதை கறாராக நின்றுவிடுகிறது. ரசவாத ஆசையோடு மலையேறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதிலை எந்தச் சித்தரும் சொல்ல முடியாது. பாலுக்குக் காவல் நின்றவனைப் பரிகசித்த மலை, பொன்னுக்குத் தானே காவல் வைத்தது என்பதையும் கவனியுங்கள். கேட்டவருக்குக் கொடுக்க வேண்டியது எது, மூடி வைக்க வேண்டியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நான் தாணிப்பாறையிலிருந்து ஏறினேன். மாங்கனி ஓடை, வழுக்குப் பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், நாவல் ஊற்று என்று உடன் வந்தவர்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். மேலே போகப் போக ஓரிடத்தில் 'இது பசுக்கிடை' என்றார்கள். மாடு அடைகிற இடம். மூச்சு வாங்க அங்கே சற்று நின்றேன். யாழ் என்றோ தேவன் என்றோ ஒரு பெயர் வழியில் என் காதில் விழவில்லை. நடக்கிற ஜனங்களின் வாயில் மாடும் பாறையும் ஊற்றும்தான் நிற்கின்றன. புத்தகத்தை விடக் கால்களுக்கு ஞாபகசக்தி அதிகம் போலிருக்கிறது.

என் முன்னால் ஓர் இளம் தம்பதி போனார்கள். அபிஷேகத்துக்கென்று கொண்டுவந்த பால் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது. புருஷன் நாலடிக்கு ஒரு தரம் திரும்பி, "சிந்திறாதே, சிந்திறாதே" என்று அதட்டிக்கொண்டே வந்தான். அவன் கையில் பிரம்பு இல்லை என்பதைப் பார்த்துக்கொண்டேன்.

சந்நிதியில் நெரிசல். தள்ளிக்கொண்டு போனதில் ஒரு நிமிஷம்தான் பார்க்கக் கிடைத்தது. கிழவி சொன்னது சரி. லிங்கம் சற்றே சாய்ந்துதான் இருக்கிறது. அடிபட்ட கோலத்திலேயே இருந்துகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் தரிசனம் கொடுக்கிறார். நிமிர்த்தி வைக்க வேண்டுமென்று அவருக்கும் தோன்றவில்லை, கும்பிடுகிறவர்களுக்கும் தோன்றவில்லை. கதையை மட்டும் எதற்காக நிமிர்த்தி வைக்கிறோம்?