பிறக்குமுன்பே தயாராகும் பெயர்

ஆஸ்திரேலியாவின் நடுப்பாலையில் உள்ள யுவெண்டுமு ஊரில், வார்ல்பிரி பழங்குடிக் குழந்தைக்கு ஒரு பெயரை யாரும் யோசிக்க வேண்டியதில்லை. பெற்றோரின் உறவுப் பிரிவே அதை முடிவுசெய்துவிடும். சொந்தப் பெயர் தனி. இது உறவுமுறைப் பெயர்.

மொத்தம் எட்டுப் பிரிவுகள். ஆண் பெயர் 'ஜ'வில் தொடங்கும், பெண் பெயர் 'ந'வில். ஜபல்ஜாரி ஆணுக்கு முறைப்பெண் நகமாரா. அவர்கள் மகன் ஜுங்கராயி, மகள் நுங்கராயி. அந்த மகன் முறைப்படி நங்கலாவை மணந்தால் பேரன் மறுபடியும் ஜபல்ஜாரி! தாத்தாவின் பெயர் தானாகவே திரும்பி வந்துவிடுகிறது. இவ்வளவு கச்சிதமான கணக்கை எழுத்தே இல்லாமல் காத்து வந்திருக்கிறார்கள் என்பதுதான் வியப்பு.

வெளியூரிலிருந்து வரும் ஆசிரியருக்கும் செவிலியருக்கும்கூட ஒரு பிரிவுப் பெயர் கிடைப்பதுண்டு. கிடைத்ததும், ஊரில் யார் அண்ணன், யார் அத்தை, எந்த மாமியாரிடம் பேசாமல் ஒதுங்கிப் போக வேண்டும் என்பதெல்லாம் தெளிவாகிவிடும்.

ஓவியக் கூடங்களில் இந்தப் பொதுவான பிரிவுப் பெயர் குழப்பத்தையும் உண்டாக்கும். ஓவியர்கள் கிளிஃபோர்ட் பாஸம் ஜபல்ஜாரியும் மிக் நமராரி ஜபல்ஜாரியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் அல்லர், மொழியே வேறு.

சொந்தப் பெயருக்கும் ஒரு விதி உண்டு: ஒருவர் இறந்தால் அவருடைய சொந்தப் பெயரை உச்சரிப்பதில்லை. அதே பெயருடைய மற்றவர்களும் சில காலம் 'குமன்ஜாயி' என்ற மாற்றுப் பெயரால் அழைக்கப்படுகிறார்கள்.