பத்திரிகை அறிவித்தலும் பாட்டன் பெயரும்

குடும்ப வரலாறு எழுதும் ஆர்வம் மலையகத்திலே அண்மைக் காலத்தில் பெருகி வருகின்றது. 2023ஆம் ஆண்டில், இம்மக்களின் வருகை இருநூறு ஆண்டுகளை எட்டியதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் ஒன்று நிகழ்ந்தது. அந்தப் பாதையிலே காட்டையும் காய்ச்சலையும் தாண்டி வந்த நம் முன்னோர் யாவர், எவ்வூரினர், எந்தக் கங்காணியின் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்ற வினாக்கள் அதன்பின் பல இளைஞரின் உள்ளத்தில் எழுந்துள்ளன. இவர்களுக்கு வழங்கப்படும் அறிவுரைகளுள் ஒன்று, பழைய பத்திரிகைகளைப் புரட்டுங்கள் என்பதாகும். பிறப்பு, திருமணம், மரணம் பற்றிய அறிவித்தல்களைத் தொகுத்தால் வமிசாவளி தானே உருப்பெறும் என்பர்.

மேலைநாட்டு மத்தியதர வர்க்கத்தினருக்கு இவ்வறிவுரை பொருந்தும். நமக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதை ஆராயாமல் ஏற்பது பேதைமை. பத்திரிகை அறிவித்தலும் ஓர் எழுத்து வகையே. அதை எழுதுபவர் உளர். பணம் கொடுப்பவர் உளர். எவருடைய பெயர் இடம்பெறலாம் என்பதை வரையறுக்கும் சமுதாயமும் உண்டு. ஆதலால் காவியத்தையும் சிறுகதையையும் எவ்வாறு விமர்சிக்கிறோமோ அவ்வாறே இதனையும் விமர்சித்தல் வேண்டும்.

முதலில் துரைமாரின் நிலையை நோக்குவோம். கொழும்பிலே 1834இல் தொடங்கிய 'ஒப்சேவர்' பத்திரிகை பின்னர் பெர்குசன் குடும்பத்தார் வசமாயிற்று. தோட்டங்களின் பெயர், பரப்பு, உரிமையாளர், துரை ஆகிய விபரங்கள் அடங்கிய விவரக்கொத்தையும் அவர்களே வெளியிட்டனர். துரைக்குக் குழந்தை பிறந்தால் செய்தி. அவர் மணம்புரிந்தால் செய்தி. காய்ச்சலில் மாண்டால் செய்தி. போதாக்குறைக்கு, ஜே. பென்றி லூயிஸ் என்னும் அரசாங்க அதிகாரி இலங்கையிலுள்ள ஐரோப்பியர் கல்லறைகளின் வாசகங்களைத் தொகுத்து, வாழ்க்கைக் குறிப்புகளுடன் 1913இல் நூலாக்கினார். ஸ்கொத்லாந்திலிருந்து வரும் ஒரு பேரன், இரண்டு நாளில் தன் முப்பாட்டன் எந்தத் தோட்டத்தில் சின்னத்துரையாகச் சேர்ந்தான், எப்போது பெரியதுரையானான் என்பதையெல்லாம் அறிந்து, கல்லறையில் மலர் வைத்துத் திரும்பலாம்.

பொகவந்தலாவைத் தேவாலயத்து மயானத்திலே ஜூலியா மார்கரெட் கமரன் என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் 1879இல் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இலங்கையில் எடுத்த படங்களிலே உழைக்கும் மக்கள் பலர் நம்மை நேருக்கு நேர் நோக்கி நிற்கின்றனர். முகம் உண்டு, பெரும்பாலோருக்குப் பெயர் இல்லை. அதே கலைஞர் இங்கிலாந்தில் எடுத்த படங்களிலே கவிஞருக்கும் விஞ்ஞானிகளுக்கும் பெயர் உண்டென்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வேறுபாட்டுக்குக் காரணம் நிறவெறி ஒன்றே என்று கூறிவிடுதல் எளிது. அதற்கு அடியிலே சொத்துறவு இருக்கின்றது. பிறப்பு அறிவித்தல் வாரிசைக் கூறுகிறது. திருமண அறிவித்தல் இரு சொத்துக்களின் இணைப்பைக் கூறுகிறது. மரண அறிவித்தல் உரிமை கைமாறுவதைக் கூறுகிறது. தோட்டத் தொழிலாளிக்குப் பிள்ளைகளிடம் கையளிக்க இருந்தது யாது? கடன். ஊரிலிருந்து புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணம் தோட்டத்திலே அவன் பெயரிற் பற்றெழுதப்பட்டது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறினால் அக்கடனைக் குறித்த 'துண்டு' அவனுக்கு முன்னே சென்றது. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்படும்வரை அவனுடைய சரித்திரத்தைச் சுமந்த முதன்மையான கடதாசி அதுவே. 1901இல் புகுத்தப்பட்ட தகரச்சீட்டோ, எந்தத் தோட்டத்துக்குரியவன் என்பதை எண்ணாற் சொல்லிற்று. பெயர் தேவைப்படவில்லை.

அவ்வாறாயின் ஆங்கிலப் பத்திரிகைகளிலே தொழிலாளியின் பெயர் அறவே இல்லையா? உண்டு. நீதிமன்றச் செய்தியில் உண்டு. தோட்டத்தை விட்டு ஓடுவதை 1865ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. குற்றவாளியானவன் பெயர் பெற்றான். சாவிலும் சிலருக்குப் பெயர் கிடைத்தது. முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரி 10ஆம் நாள் பொலிஸார் சுட்டதில் மாண்ட கோவிந்தனை நாடறியும். ஸ்டெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் 1941இல் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து, 1942இல் தூக்கிலிடப்பட்ட வீராசாமியையும் வேலாயுதத்தையும் நாடறியும். துப்பாக்கிக்கும் தூக்குக்கயிற்றுக்கும் இரையாகாது, கொழுந்துக் கூடையோடு ஐம்பது ஆண்டுகள் மலையேறி இறங்கிச் செத்த பாட்டியைத்தான் எவரும் அறியார்.

இதனாற் பழைய பத்திரிகை நமக்குப் பயனற்றது என்று முடிவுகட்டுதல் தவறு. படிக்கும் முறை வேறாக இருத்தல் வேண்டும். நம் பாட்டன் பெயரைத் தேடிப் பயனில்லை. தோட்டத்தின் பெயரைத் தேட வேண்டும். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பிப் பயிரைப் படிப்படியாக அழித்தது. 1884 மே மாதத்தில் ஓரியண்டல் வங்கி முறிந்தது. அக்காலத்திலே தோட்டங்கள் ஏலத்துக்கு வந்தன. ஒரு தோட்டம் விற்கப்படும் அறிவித்தல் வெறும் காணிச் செய்தியன்று. அத்தோட்டத்து லயங்களிலிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் புதிய முதலாளியின் கணக்குக்கு மாறிய நாளையும் அது குறிக்கின்றது. தொழிலாளர் கடனும் தோட்டத்தோடு கைமாறியதல்லவா? நம் குடும்பத்தார் ஏன் ஊவாவை விட்டு டிக்கோயாவுக்கு வந்தனர் என்ற புதிருக்கு அத்தகைய நான்கு வரியில் விடை கிடைத்தல் கூடும்.

இங்கே ஓர் இடையூறு உண்டு. துரை வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. நம்மவர் வழங்கிய தமிழ்ப் பெயர் மற்றொன்று. பாட்டி சொன்ன தோட்டத்தின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லையே என்று மயங்கும் மாணவன், முதலில் இவ்விரு பெயர்களையும் பொருத்திப் பார்க்கக் கற்றல் வேண்டும். ஆட்பெயரிலும் இதே சிக்கல். ஒரு செக்றோலிலே பத்து ராமசாமியும் பதினைந்து மாரியாயியும் இருப்பர். அவற்றின் எழுத்துக்கூட்டலோ கிளாக்கர்மாரின் மனம்போல. கங்காணியின் பெயரே இங்கு நூலின் நுனி. கூட்டம் அவன் பெயராலேயே அறியப்பட்டது. செட்டியாரிடம் கடன் பெற்றவனும், கோயில் கட்டியவனும், வழக்காடியவனும் அவனே. சுரண்டலின் இடைத்தரகனைப் பின்தொடர்ந்தே சுரண்டப்பட்டோரைக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பது இந்த ஆராய்ச்சியின் கசப்பான உண்மை.

தமிழிலே இந்நிலையை மாற்ற முனைந்தவர் கோ. நடேசய்யர். 1924இல் அவர் தொடங்கிய 'தேசபக்தன்' தோட்டத்து அநீதிகளை அச்சேற்றியது. 1931இல் அட்டனைத் தளமாகக் கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோதும் பேனா அவர் கையை விட்டு நீங்கவில்லை. அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மையும் அப்பணியிற் பங்குகொண்டார். சாரல் நாடன் 1988இல் வெளியிட்ட நடேசய்யர் பற்றிய ஆய்வும், 1998இல் அவரைப் பத்திரிகையாளராக நோக்கி எழுதிய நூலும், பழுத்துப்போன ஏடுகளிலிருந்து ஒரு மக்களின் வரலாற்றை மீட்கலாம் என்பதற்குச் சான்றுகள். எனினும் இவற்றில் நமக்குக் கிடைப்பது ஒரு வர்க்கத்தின் குரல். குடும்பத்தின் கொடி அன்று. அதற்கு 1930இல் தோன்றிய 'வீரகேசரி'யையும் 1932இல் தோன்றிய 'தினகரனை'யும் நாட வேண்டும். அதற்குமுன் 1948ஐக் கடந்தாக வேண்டும்.

குடும்ப வரலாறு என்பது ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தைப் படித்துப் பார்க்கட்டும். இலங்கையிலே பிறந்தவன் ஒருவன் பிரசையாவதற்கு, அவன் தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். முப்பாட்டன்! எவருடைய பிறப்பை எந்தப் பத்திரிகையும் அறிவிக்கவில்லையோ, எவருடைய கழுத்திலே பெயருக்குப் பதிலாக எண் தொங்கியதோ, அவருடைய வழித்தோன்றல்களிடம் வமிசாவளி கேட்கப்பட்டது. தோட்டத்துப் பிறப்பையும் இறப்பையும் துரை வழியாகவே பதிவாளருக்கு அறிவிக்க வேண்டியிருந்த நாட்டிலே, பதிவு இல்லாமைக்குத் தண்டனை தொழிலாளிக்கு!

அடுத்த ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், 1946 ஜனவரி 1ஆம் நாளுக்கு முன் மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ந்து வதிந்ததை நிரூபிக்குமாறு கோரியது. விண்ணப்பம் ஏற்கத்தக்கதெனக் கண்டபின்னும், ஆட்சேபம் உடையோர் உளரா எனப் பொது அறிவித்தல் கொடுக்கப்படல் வேண்டும். இந்த அறிவித்தலை இலக்கிய மாணவர் கூர்ந்து நோக்குதல் தகும். துரையின் திருமண அறிவித்தல் வாழ்த்தைக் கோருகின்றது. தொழிலாளியின் பெயர் தாங்கிய அறிவித்தலோ எதிர்ப்பைக் கோருகின்றது. நாட்டின் உறுப்பினனாக அவன் முதன்முதல் அறிவிக்கப்படும்போதே, இவன் வேண்டாம் என்று சொல்ல எவரேனும் உண்டா என்ற கேள்வியும் உடன் வருகின்றது. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் அடங்கினர். பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இனி, மரண அறிவித்தலுக்கு வருவோம். அச்சுக்கு முன்னரும் தோட்டத்திலே சாவு அறிவிக்கப்பட்டது. தப்பு முழங்கும், ஆள் ஒருவன் தோட்டந் தோட்டமாக நடந்து கேதம் சொல்லுவான். பின் பெண்கள் கூடி ஒப்பாரி வைப்பர். அவ்வொப்பாரியிலே செத்தவரின் பிறந்தகம் வரும். கொடுத்த சீர் வரும். கொடாத வஞ்சனையும் வரும். அதுவே நம் மக்களின் முழுமையான குடும்ப வரலாறு. அதற்கு அச்சுப்பிரதி இல்லை.

பத்திரிகை அறிவித்தலின் வாய்பாடு வேறு. 'பிறப்பிடமாகவும் வசிப்பிடமாகவும் கொண்ட' என்று தொடங்கி, 'அன்னார்' என்று திரும்பி, காலஞ்சென்ற பெற்றோர், அன்புக் கணவர், பாசமிகு பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், பேரப்பிள்ளைகள் என்று விரிந்து, 'உற்றார் உறவினர் நண்பர்கள் ஏற்றுக்கொள்ளவும்' என்று முடியும் அந்த வாக்கியத்தை நாம் அனைவரும் அறிவோம். ஒரே வாக்கியத்தில் நான்கு தலைமுறையை அடக்கும் இவ்வடிவம், வரலாறு தேடுவோனுக்கு வாய்த்த பெருஞ்செல்வம் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் இதன் தொடக்கமே ஊரும் வீடும் வளவும் உள்ளவனுக்காக அமைந்தது. வசிப்பிடம் என்று மலையகத்தான் எழுதுவது கம்பனியின் லயத்தை. தோட்டத்துப் பிள்ளை ஆசிரியனாகி, அல்லது அட்டனிலோ தலவாக்கலையிலோ கடை வைத்து, கையில் நாலு காசு கண்டபின்னரே தந்தைக்கு இவ்வாறு அறிவித்தல் கொடுக்க முடிந்தது. அப்பொழுதும் அவன் எதை எழுதுகிறான்? 'ஓய்வுபெற்ற அதிபர்', 'முன்னாள் தலைமைக் கணக்கப்பிள்ளை' என்பன பெருமையோடு அச்சேறுகின்றன. 'கொழுந்து பறித்தவர்' என்ற தொடரை நாம் படித்த அறிவித்தல்களிற் காண்பது அரிது. தாயின் கூலியிற் படித்த மகன், தாயின் தொழிலை எழுதக் கூசுகிறான். இவ்விடத்தில் நாம் அந்த மகனைப் பழிப்பதைக் காட்டிலும், அவனைக் கூசச்செய்த அவ்வடிவத்தைப் பழித்தல் நன்று.

இக்கூச்சமே சில குடும்ப வரலாற்று நூல்களையும் கெடுத்துள்ளது. அவற்றிலே எல்லோருடைய பாட்டனும் பெரிய கங்காணி, குதிரையேறியவர், கோயில் கட்டியவர். ஒரு கங்காணியின் கீழ்ப் பலர் உழைத்திருக்க, அவர்களுடைய பேரப்பிள்ளைகளெல்லாம் எங்கே போயினர்? பெருமைமிகு மூதாதையைத் தேடுவது துரையின் பேரனிடமிருந்து நாம் இரவல் பெற்ற ஆசை. மறுதலையாக, சாதிப் பெயரையும் ஊரையும் முற்றாக மறைத்துவிடும் குடும்பங்களும் உள. திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் ஆகிய இடங்களிலே நிலமற்று, பஞ்சத்தால் துரத்தப்பட்டு வந்தோரிற் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அதை எழுதாத வரலாறு, அவர்கள் ஏன் கடல் கடந்தனர் என்பதை விளக்க மாட்டாது.

எனினும் அந்த மரண அறிவித்தலிலே ஒரு மூலையில் உண்மை வெளிப்பட்டுவிடுகின்றது. உறவினர் பெயர்களுக்குப் பக்கத்திலே அடைப்புக்குறிக்குள் வரும் இடப்பெயர்களைக் கவனியுங்கள். யாழ்ப்பாணத்தார் அறிவித்தலில் லண்டன், கனடா என்று காணப்படும் அவ்விடத்தில், மலையகத்தார் அறிவித்தலிலே 'இந்தியா' என்ற சொல் நிற்கும். பத்தாந் தர மாணவர்க்கு இவ்வறிவித்தல்களைப் பாடமாக வைத்துப் பார்த்தேன். தொழிலுக்குப் போயிருப்பார் என்றனர் பலர். 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் கைச்சாத்தான ஒப்பந்தம் ஒன்று, மலையகத்திலுள்ள 9,75,000 பேரைக் கணக்குப் பார்த்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டதையும், எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்ததையும் அவர்கள் கேள்விப்பட்டிருக்கவில்லை. பாடநூலில் வராத அவ்வொப்பந்தம் அவர்கள் வீட்டு மரண அறிவித்தலில் அச்சாகியிருக்கின்றது. அண்ணன் விண்ணப்பித்த நாடு ஒன்று, தம்பி விண்ணப்பித்த நாடு வேறொன்று. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இரு தேசத்தவர் ஆயினர்.

சிலர் இன்னும் நுணுக்கமாகக் கோத்தகிரி, கூடலூர் என்று எழுதுவர். தாயகம் திரும்பியோர் எனப்பட்டவர்களுக்காக 1968இல் தமிழ்நாட்டு அரசு நீலகிரியிலே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியதை நினைவுகொண்டால், அப்பெயர்களின் பொருள் துலங்கும். தாயகம் என்று போன இடத்திலும் தேயிலைச் செடியே காத்திருந்தது. 1984இல் தலைமன்னார்க் கப்பல் நின்றது. அதன்பின் அங்கே மூத்தவர் இறந்தால் இங்கே இளையவர் செலவுக்குப் போக வழியில்லை. இங்குள்ள பத்திரிகையிலே சிறிய அறிவித்தல் ஒன்றைக் கொடுத்துவிட்டு, லயத்து வாசலில் விளக்கேற்றிக் கருமாதியை நடத்தினர். அத்தகைய அறிவித்தல்களிலே 'பூதவுடல் தகனம்', 'நல்லடக்கம்' என்ற வரிகள் இரா. இடம், நேரம் குறிக்கப்பட வேண்டிய அந்தக் கடைசி வரி விடுபட்டிருக்கும்.