சாவும் சம்பளமும்

54ஆம் மாசசூசெட்ஸ் தன்னார்வக் காலாட்படை பற்றிய கதையாடல்களில் பெரும்பாலானவை ஒரே சாயங்காலத்தில் போய் நிற்கின்றன: 18 ஜூலை 1863, தென் கரோலினா, வாக்னர் கோட்டை. கறுப்பன் சண்டை போடுவானா என்று வடக்கிலேயே சந்தேகப்பட்ட காலம். மணல் அரணை நோக்கி ஓடிய சுமார் 600 பேரில் 250க்கு மேற்பட்டவர்கள் செத்தோ காயம்பட்டோ பிடிபட்டோ போனார்கள். வெள்ளையரான கர்னல் ராபர்ட் கௌல்ட் ஷாவும் அரணின் மேல் விழுந்தார். சந்தேகம் தீர்ந்ததாம். கறுப்பு உடல் தன்னை மனித உடலென்று நிரூபிக்க முதலில் சாகவேண்டியிருந்தது.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சேரும்போது மாதம் 13 டாலர் என்றார்கள். கொடுக்க வந்தது 10, அதிலும் உடுப்புக்கு 3 பிடித்தம். கையில் 7. முடியாது என்றார்கள். மீதியைத் தான் போட்டுத் தருவதாக மாசசூசெட்ஸ் மாநிலம் முன்வந்தது, அதையும் வாங்கவில்லை. பிரச்சினை 6 டாலர் இல்லை பாருங்கள். 'நீயும் சிப்பாய்தான்' என்பதை அரசு தன் வாயால் சொல்லியாக வேண்டும். சுமார் 18 மாதம் ஒரு காசு வாங்காமல் யுத்தம் செய்தார்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் திண்டாட்டம். கார்ப்போரல் ஜேம்ஸ் ஹென்றி கூடிங் 1863 செப்டம்பரில் லிங்கனுக்கே கடிதம் எழுதிக் கேட்டார். பணம் வருவதற்குள் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் செத்தும் போனார். இதே கோரிக்கைக்காக ஆயுதத்தைக் கீழே வைத்த 3ஆம் தென் கரோலினா படைப்பிரிவின் சார்ஜென்ட் வில்லியம் வாக்கரை 1864 பிப்ரவரியில் அவருடைய தரப்பே சுட்டுக் கொன்றது.

1864 ஜூனில் சட்டம் வந்தது, ஒரு கொக்கியோடு: 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திரமாக இருந்தவர்களுக்கே முழு நிலுவை. கர்னல் ஹாலோவெல் ஒரு பிரமாணம் தயாரித்தார். அந்தத் தேதியில் கூலியில்லாத உழைப்பை எவனுக்கும் தான் கடன்பட்டிருக்கவில்லை என்று சத்தியம் செய்தால் போதும். அடிமையாயிருந்தவனும் மனசாட்சிக்கு விரோதமின்றிச் செய்யலாம். அடிமைத்தனம் என்ன கடனா? சட்டத்தின் மொழியை வைத்தே சட்டத்தை ஓட்டையிட்ட பிரதி இது. ஆனால் சிலை வைக்கத் தோதான விஷயமில்லை.

'குளோரி' (1989) படத்தில் கூலி மறுப்பு சில நிமிடக் காட்சிதான். அதிலும் ஷா தன் சம்பளச் சீட்டைக் கிழித்ததும் சிப்பாய்களின் மறுப்பு தலைவனின் பெருந்தன்மையாகிவிடுகிறது. நிஜத்தில் அந்தப் போராட்டத்தின் பெரும்பகுதி ஷா செத்தபிறகு நடந்தது. படையில் பெரும்பாலோர் வடக்கின் சுதந்திரக் கறுப்பர்கள். பிரெடரிக் டக்ளஸின் மகன்கள் இருவரும் இருந்தார்கள். படமோ தப்பி வந்த அடிமைகளையே பிரதானப்படுத்துகிறது. எழுதப் படித்தவன் கணக்குக் கேட்பான், அவன் எதற்கு?

பாஸ்டன் நினைவுச்சின்னத்திலும் (1897) ஷா குதிரைமேல். வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் பின்பக்கம் இருந்தன. வாக்னரில் செத்த கறுப்புச் சிப்பாய்களின் பெயர்கள் 1980களின் தொடக்கத்தில்தான் ஏறின. கூடிங் தன் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதங்கள் 1991இல்தான் நூலாயின. படம் பார்த்தவர்கள் அதையும் படிக்கலாம்.