சண்டேசுர நாயனாரா? சோழ மன்னனா?

சேர்வராயன் மலைமேலுள்ள வெள்ளக்கடையினின்றும் கங்கைகொண்ட சோழபுரஞ் சென்று வழிபட்டு மீண்ட அன்பர் சிலர், ஆண்டுத் தாம் கேட்டதொன்றை எம்பால் உரைத்தனர். திருக்கோயிலின் வடவாயிற் படியருகே, உமையம்மையாரோடு வீற்றிருக்கும் இறைவன், கீழமர்ந்து கைகூப்பிய அடியார் ஒருவர் தலையில் மாலை சூட்டுகின்றான். சூட்டப்பெறுவான் இராசேந்திர சோழனே என்றும், அம்மாலை அவன் வெற்றிக்கு இறைவன் அளித்த முடியே என்றும் அவர்க்குச் சொல்லப்பட்டதாம். கற்றாருள்ளும் இக்கருத்துடையார் உளர். அது பொருந்துமாறு யாங்ஙனம் என ஈண்டு ஆராய்வாம்.

இராசேந்திரன் கி. பி. 1014 முதல் 1044 வரை தனியரசு செலுத்தினான். கங்கைவரை சென்ற தன் படையின் வெற்றிக்கு அறிகுறியாக இந்நகரைக் கண்டான். அவன் அகழ்வித்த சோழகங்கம் என்னும் ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீர்வடிவான வெற்றித்தூண் எனப் புகழ்கின்றது. 1279 வரை சோழர்க்கு இதுவே தலைநகராயிற்று. இத்தகைய வேந்தன் தன் உருவையும் பொறித்திருப்பான் என ஒருவர் கருதுதல் இயல்பே.

ஆயினும் சிற்பமே அதனை மறுக்கின்றது. மாடத்தின் இருமருங்கும் விசாரசருமர் ஆனிரை மேய்த்தலும், பூசைக்கு இடையூறு செய்த தந்தையின் தாளைத் துணித்தலும் ஆகிய வரலாறு சிறு சிறு உருவங்களாகச் செதுக்கப்பட்டுள்ளது. நடுவுருவம் மன்னனாயின் ஆவும் தந்தையும் ஈண்டு எற்றுக்கு? அணித்தே சண்டேசுரர்க்குத் தனிக் கோயிலும் உண்டு. இவ்வரலாறு சேக்கிழார் பெருமானுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே கல்லில் அமைந்தமையும் நினையத்தக்கது. அதற்கும் முன்னர், தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டொன்று சண்டேசுர அநுக்கிரகம் குறித்த செப்புத் திருமேனிகளைக் கூறுகின்றது.

இன்னும் ஒன்று. சோழர் காலத்துக் கோயில் நிலங்களின் விலையும் கொடையும் சண்டேசுரர் பெயராலேயே நிகழ்ந்தன. மன்னன் ஈந்த பொருளையும் இறைவன் பொருட்டு ஏற்பவர் அந்நாயனாரே. ஏற்பாரை நீக்கி ஈவானை அவ்விடத்து அமர்த்தல் முறையாகுமோ?

மன்னன் அந்நாயனாரைப் போலத் தானும் அருள்பெற விழைந்தான் எனின், அதற்கு யாம் மாறல்லேம். நாயனாரையே மறைத்து மன்னனாக்குதலே தவறு. அடிமைத்திறத்துக்கு இறைவன் அளித்த மாலை, படைவலிக்குக் கிடைத்த பரிசாக மாறிவிடின், சிற்பம் கற்பிக்கும் சைவநெறி மறைந்தொழியும்.

அரண்மனை இருந்த மாளிகைமேட்டில் இன்று எஞ்சியன செங்கல் அடித்தளங்களே. திருக்கோயிலின் மதிற்கற்களும் 1836-இல் கொள்ளிடத்துக் கீழணைக்குச் சென்றன. நாயனார் சூடிய மாலையோ வாடாது நிற்கின்றது. ஆதலின் அன்பர்காள், சிறாரை அங்கு அழைத்துச் செல்லுங்கால், அவ்வுருவத்தைச் சுட்டி விசாரசருமர் பெயரையே முதற்கண் சொல்லுமின்.