தெற்கு மாட வீதி முக்கில், இரவு ஒரு மணிக்கு

"சென்னையில் ராத்திரி பத்து மணிக்கு மேல் என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். வார இறுதி ஆனால் பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் ஓடி, அரை இருட்டில் ஒருவர் கிடார் வாசிப்பதைக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு வந்து இதைச் சொல்வார்கள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, பங்குனி மாதத்து நடுராத்திரியில், நாயனமும் தவிலும் ஒரு ராகத்தை முக்கால் மணி நேரம் நின்று பிழிந்து கொடுத்துக்கொண்டிருக்கும். டிக்கெட் கிடையாது, மேடை கிடையாது, கைக்கெட்டும் தூரத்தில் வித்வான். கேட்க இருபது பேர் இருந்தால் அதிகம்.

சபாக்காரர்கள்மேல் எனக்கு இன்னும் வருத்தம். மார்கழியில் காலை எட்டு மணியிலிருந்து கையில் சீட்டு வைத்துக்கொண்டு ராகம் கண்டுபிடிப்பவர்கள், பங்குனியில் வாசலுக்கு வரும் ராகத்துக்குக் கதவு திறப்பதில்லை. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் வீதி உலாவில் நாதஸ்வரம் கேட்பது எப்படி என்று இந்த வருஷமாவது எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடிப்படையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு நாயனம், இரண்டு தவில், சுருதிக்கு ஒத்து, கையில் தாளம்: இது பெரிய மேளம். ஒத்து ஊதுகிறவர் இடத்தைப் பெரும்பாலும் சுருதிப் பெட்டி பிடித்துக்கொண்டது. நாயனம் ஆச்சா மரம், நரசிங்கம்பேட்டையில் கடைகிறார்கள். வாயில் வைப்பது சீவாளி, நாணல் தட்டையில் செய்வது. தவில் பலா மரம். வலது கை விரல்களில் கூடு, இடது கையில் கழி. சாமி புறப்படும்போது மல்லாரி, கம்பீரநாட்டையில், சாகித்தியம் கிடையாது. கோபுரம் தாண்டினால் ராகம், பிறகு பல்லவியோ ரக்தியோ, அப்புறம் கீர்த்தனை, ஊர்வலம் முடிகிற நேரத்தில் திருப்புகழ். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் மாறும். இதற்கு மேல் இப்போதைக்கு வேண்டாம்.

என்றைக்குப் போவது? பங்குனிப் பெருவிழா பத்து நாள். எட்டாம் நாள் அறுபத்துமூவர் ஊரே அறிந்த விழா. அன்றைக்குக் கண்ணுக்குத்தான் வேலை, அந்தக் கூட்டத்தில் காதுக்கு ஒன்றும் கிடைக்காது. கேட்க வேண்டியது ஐந்தாம் நாள் இரவு, ரிஷப வாகனம். ஊர் படுக்கப் போகிற நேரத்தில் புறப்பட்டு நான்கு வீதியையும் நிதானமாகச் சுற்றும். மற்ற இரவுகளிலும் உலா உண்டு. தைப்பூசத்தை ஒட்டி மூன்று இரவு தெப்பம். குளத்துப் படியில் உட்கார்ந்தால் தண்ணீரைத் தடவிக்கொண்டு வரும் நாயனத்தைக் கேட்கலாம். திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயிலிலும் பங்குனியில்தான் விழா, திருவொற்றியூரில் மாசியில்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். வீதி நாதஸ்வரத்தில் நீங்கள் பிரித்துக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: நடக்கிற ராகம், நிற்கிற ராகம்.

சாமி நகரும்போது மேளக்காரர்களும் நகர்கிறார்கள். ஆலாபனைக்குத் தாளம் இல்லை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆனால் சீர்பாதம் தாங்கிகளின் காலடி இருக்கிறதே, அது ஒரு தாளம். தோளில் அத்தனை பாரத்தோடு அவர்கள் அசைந்து வரும் அசைவு நாயனத்துக்குள் ஏறிவிடும். பிடிகள் முன்னால் வீசி எறிந்த மாதிரி இருக்கும். மூச்சு சீக்கிரம் தீரும், சீக்கிரம் எடுப்பார்கள். மேல் ஸ்தாயியில் பளிச்சென்று ஒன்று, கீழே சறுக்கி ஒன்று. தவில் இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் புகும். இது நடக்கிற ராகம். அழகாகத்தான் இருக்கும். கொஞ்சம் பயிற்சி உள்ள யாரும் இதை நன்றாக வாசித்துவிடுவார்கள்.

முக்கு வந்ததும் சாமி நிற்கும். மேளக்காரர்கள் திரும்பிச் சாமியைப் பார்த்து நிற்பார்கள். நமக்கு முதுகு. அந்தத் திரும்பலை விட்டுவிடாதீர்கள், கச்சேரி அங்கேதான் ஆரம்பம். கால் நின்றதும் ராகத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாமல் போகிறது. ஒரே ஸ்வரத்தில் நிற்க வேண்டும், அதைச் சுற்றிச் சுற்றி வர வேண்டும், அடுத்த ஸ்வரத்துக்குப் போக அவசரம் காட்டக்கூடாது. வீதியில் வீசி வாசித்தவர் இங்கே வந்ததும் கைச்சரக்கு தீர்ந்து, அதே பிடிகளைத் திருப்பிப் போடுவார். நல்ல வித்வான் இங்கே ராகத்தை முதலிலிருந்து தொடங்குவார், வீதியில் அதுவரை வாசித்ததே இல்லை என்பது போல.

இதிலும் ஒரு உள் வித்தியாசம் உண்டு, இதைத் தெரிந்துகொள்ளாமல் ஏமாறுகிறவர்கள் நிறைய. சாமி நிற்கிற இடமெல்லாம் நிற்கிற ராகம் அல்ல. வீட்டு வாசலில் அர்ச்சனைக்கும் தீபாராதனைக்கும் நிற்பது வேறு. அங்கே மேளக்காரர் மனது பாதி கற்பூரத்தில் இருக்கும். மணி அடித்ததும் கெட்டியாக வாசித்து முடித்தாக வேண்டும். அது நிற்கிற இடத்தில் வாசிக்கும் நடக்கிற ராகம். முக்கில் நிற்பதுதான் நிற்பது. அங்கே வாகனத்தைத் திருப்ப வேண்டும், தோள் மாற்ற வேண்டும், யாருக்கும் அவசரம் இல்லை. நாலு பக்கமும் தெரு திறந்திருப்பதால் சுவரில் மோதித் திரும்பும் சத்தமும் குறைவு. நாயனத்தின் குரல் தனியாக, உருண்டையாக நிற்கும்.

ஒரு வருஷம் ரிஷப வாகனத்தன்று தெற்கு மாட வீதி முடிந்து ராமகிருஷ்ண மடம் சாலை திரும்பும் முக்கில் நின்றிருந்தேன். ஒரு மணி இருக்கும். பெரிய வித்வான் வீதி முழுவதும் காம்போதி வாசித்துக்கொண்டு வந்தார். முக்கில் நின்றதும் சீவாளியைக் கழற்றினார். நாயனத்தில் நூலில் கட்டித் தொங்கும் கொத்திலிருந்து வேறொன்றை எடுத்தார். வாயில் வைத்து நனைத்தார், உதட்டால் லேசாக அழுத்திப் பார்த்தார், பீ என்று ஒரு சின்னச் சத்தம், மறுபடி நனைத்தார். இதற்கே இரண்டு நிமிஷம். இரண்டாவது நாயனம் அதுவரை ஷட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே நின்றது. பிறகு அவர் காம்போதியில் பஞ்சமத்தைத் தொட்டார். தொட்டார் என்றால், அங்கேயே இருந்தார். தைவதத்தைக் காட்டிவிட்டு மறுபடி பஞ்சமம். நிஷாதத்தை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி பஞ்சமம். தவில்காரர் கழியைத் தவில்மேல் சும்மா வைத்துக்கொண்டு, அடிக்காமல், கண்ணை மூடியிருந்தார். ஒரு பிடி முடிந்த இடத்தில் விரல் கூட்டால் மட்டும் ஆறேழு சொல், அவ்வளவுதான். தாளமே இல்லாத ஆலாபனைக்கு நடுவில் தவில் பேசுவது வேறெந்தக் கச்சேரியிலும் கிடைக்காத விஷயம். எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்று தெரிந்த தவிலை அன்றைக்குத்தான் கேட்டேன். மேல் ஷட்ஜத்துக்கு வந்தபோது என் பக்கத்தில் நின்ற டீக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாதஸ்வரமா, சத்தம் அதிகம்" என்று எழுதும் விமர்சகர்களுக்கு என் பதில் அந்த முக்குதான். குளிரூட்டிய அரங்கில், மைக்குக்கு முன்னால் வைத்துக் கேட்டுவிட்டு வாத்தியத்தைக் குறை சொல்கிறார்கள். வீதிக்குச் செய்த வாத்தியம் ஐயா அது. அரங்கத்திலும் என்ன செய்கிறார்கள்? தொடக்க விழாவில் 'மங்கல இசை' என்று ஒரு இடம். விருந்தினர் வந்து சால்வை வாங்கும்வரை வாசித்துவிட்டு இறங்க வேண்டும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடியைக் கொண்டாடிப் பேசாத சபாக்காரர் இல்லை. அந்தத் தோடி விளைந்தது இப்படிப்பட்ட ராத்திரி வீதிகளில். உச்சக் குரலில் ஊதும் திமிரி நாயனத்தைவிட்டு, நீளமான, சுருதி தாழ்ந்த பாரி நாயனத்தை அவர் எடுத்துக்கொண்டபின் நிற்கிற ராகத்துக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று யாராவது எழுதியிருக்கிறார்களா?

'தில்லானா மோகனாம்பாள்' பார்த்தேன், எனக்கு நாதஸ்வரம் பிடிக்கும் என்பவர்களும் உண்டு. 1968-இல் வந்த படம், வாசித்தவர்கள் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள்; வாசிப்பில் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அது போட்டி வாசிப்பு. போட்டியைக் கேட்டுப் பழகிய காது, வேகத்தை வித்வத் என்று நினைத்துக்கொள்கிறது. முக்கில் பஞ்சமத்தில் நிற்பவரைப் பார்த்து "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்கும்.

புதிதாக வந்த வழக்கம் ஒன்று வயிற்றெரிச்சல். மேளத்துக்குப் பக்கத்திலேயே செண்டையையும் கயிலை வாத்தியத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். செண்டை அதன் ஊரில் மகத்தான வாத்தியம், கயிலை வாத்தியத்துக்கும் பக்தி உண்டு. ஆனால் நாயனம் ஆலாபனையில் இருக்கும்போது பத்தடி தள்ளி ஐம்பது பேர் முழக்கினால் யார் எதைக் கேட்பது? வித்வான் வாயெடுத்துவிட்டு நிற்பார். அந்த முகத்தைப் பார்க்க முடியாது. உபயக்காரர்கள் மனது வைத்தால் ஒருவர் வாசிக்கும்போது மற்றவர் ஓய்வெடுக்கலாம், செலவில்லாத காரியம். இன்னொரு கூட்டம் கைப்பேசியோடு வருகிறது. முப்பது வினாடி தவில் தனியைப் படம் பிடித்துக்கொண்டு நகர்ந்துவிடும்.

சரி, இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நான் எங்கே நிற்பேன் என்பதையும் சொல்கிறேன். கோபுர வாசலில் மல்லாரி கேட்டதும் ஊர்வலத்தோடு நடக்க மாட்டேன். கூட்டத்துக்கு முன்னால் போய் முக்கில் காத்திருப்பேன், சாமிக்கு இடப்பக்கம் இரண்டு ஆள் தள்ளி. மேளக்காரர்கள் சாமியைப் பார்த்துத் திரும்பும்போது பெரிய நாயனத்தின் விரிந்த அடிவாய், அணசு, என்னைத் தாண்டி, கொஞ்சம் விலகி இருக்கும். நேர் எதிரே நின்றால் காது அடைத்துப்போகும். பேச மாட்டேன், கை தட்ட மாட்டேன். நல்ல பிடி விழுந்தால் 'ஆஹா' என்பேன். பத்து பேரே இருக்கிற இரவில் அந்த ஒரு சத்தம் வித்வான் காதில் விழும். அடுத்த பிடியிலேயே அது தெரியும்.

வடக்கு மாட வீதியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். கூட்டம் கலைந்து, வித்வான் உதடு களைத்து, விரல் கூடு தளர்ந்திருக்கும் நேரம் அது. வேகமாக வாசிக்கத் தெம்பு இருக்காது. சின்னப் பிடிகளாக, பழைய திருப்புகழ் ஒன்றைத் தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி வாசிப்பார். கிழக்கு மாட வீதி திரும்பும் முக்கில் பூட்டிய கடை ஒன்றின் படி இருக்கிறது, ஆறேழு பேர் உட்காரலாம். ஐந்தாம் நாள் இரவு நான் அங்கே இருப்பேன்.