பெயரில்லாத மழை

கடலில் சுழலும் காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகத்தை எட்டினால்தான் ‘புயல்’ ஆகிறது, பெயரும் பெறுகிறது. இந்தத் தரம்பிரிப்பில் மழைக்கு இடமில்லை என்பதே குறை. தாம்பரத்தைப் பாருங்கள். 2016 டிசம்பர் 12இல் வர்தா 100 கிலோமீட்டருக்கும் மேல் வீசி மரங்களைச் சாய்த்தது. எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், அங்கே 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. கொண்டுவந்ததோ வெறும் காற்றழுத்தத் தாழ்வுநிலை; பெயர்கூட இல்லை! அடையாறு பெருகி, முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மழைமானி, விழுந்த நீரைச் சொல்லும். ஏரிகள் வழிந்து தெருவில் நின்ற நீரைச் சொல்லாது. அதற்குச் சுவரில் படிந்த கறையின் உயரத்தை அளந்து, தேதியிட்டுக் குறிக்க வேண்டும். பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள்!