கூட்டத்துக்காக நடந்த போர்கள்

பிரெஞ்சுப் படை ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி வந்துவிடும் என்ற அச்சத்தில், 1859 மே மாதம் பிரிட்டிஷ் அரசு தொண்டர் படைகளைத் திரட்ட அனுமதி அளித்தது. வக்கீல்கள், குமாஸ்தாக்கள், கடைக்காரர்கள், பிறகு தொழிலாளர்கள் என்று சில ஆண்டுகளுக்குள் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. ஆண்டுக்கணக்கில் எதிரியே இல்லாமல் இந்தப் படை கலையாமல் இருந்ததற்கு, பொதுமக்கள் முன்னிலையில் நடந்த போலிப் போர்களும் ஒரு முக்கியக் காரணம்.

ஈஸ்டர் திங்கட்கிழமை விடுமுறை நாள். லண்டனிலிருந்து ரயில் ரயிலாகத் தொண்டர்கள் பிரைட்டனுக்குப் போய் இறங்குவார்கள். மேட்டுநிலப் புல்வெளியில் அணிவகுப்பு, அதன்பின் இரு பிரிவாகப் பிரிந்து வெற்றுத் தோட்டாக்களுடன் சண்டை. பார்க்க ஊரே திரளும். 1862இல் அங்கே தலைமை தாங்கியவர், லக்னோவை மீட்ட தளபதி கிளைட் பிரபு. உண்மைப் போரை அவரைவிட அறிந்தவர் அன்றைய பிரிட்டனில் குறைவு.

இதை வெறும் வேடிக்கை என்று தள்ளிவிட முடியாது. அமைதிக் காலத்தில் பதினான்கு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு எந்தத் தொண்டரும் விலகிக்கொள்ளலாம். சம்பளமும் கிடையாது. மாலை வேளைகளில் ஏதோ ஒரு மண்டபத்தில் இடம் வலம் திரும்பிப் பழகிய மனிதனுக்கு, தான் ஒரு பெரிய படையின் அங்கம் என்பதைக் காட்டிய நாள் இதுதான். அதிகாரிகளுக்கும் ஆதாயம் இருந்தது: ஆயிரக்கணக்கானவர்களை ரயிலேற்றி, குறித்த நேரத்தில் களத்தில் நிறுத்தி, அன்றே வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் அனுபவம். படையெடுப்பு நடந்திருந்தால் அதுதான் முதல் தேவையாக இருந்திருக்கும்.

சண்டை என்று வரும்போதுதான் கோளாறு. அந்தக் காலத்து என்ஃபீல்டு துப்பாக்கி பல நூறு கஜத்தில் ஆளைக் கொல்லக்கூடியது. ஆனால் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இரு அணியும் ஒருங்கே தெரிய வேண்டும். அதனால் நெருங்கி வந்தார்கள். திறந்த வெளியில் நிமிர்ந்து நின்றபடி தோட்டாவின் காகித முனையைக் கிழித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, இடிகோலால் குத்தி, தூக்கிச் சுட்டார்கள். எதிரே குண்டு பறந்திருந்தால் அப்படி நின்றவர்களில் பாதிப் பேர் இரண்டாவது தோட்டாவைத் தொட்டிருக்க மாட்டார்கள். வெற்றுத் தோட்டா யாரையும் வீழ்த்தாததால், யார் தோற்றார் என்று சொல்லவும் ஆளில்லை. பின்வாங்கச் சொன்னால் தொண்டர்களுக்கு ரோஷம் வந்தது. மறைந்து படுப்பது, தரையை ஆராய்வது, காத்திருப்பது ஆகிய மூன்றும் பார்வையாளருக்குச் சலிப்பு. போரிலோ அவைதான் உயிரைக் காப்பவை.

இந்தக் குறையைப் பலரும் உணரச் செய்தது பிரஷ்யா. 1870இல் அது பிரான்ஸை வீழ்த்திய வேகம் பிரிட்டனை உலுக்கியது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் செஸ்னி எழுதிய ‘டார்க்கிங் போர்’ கதையில், தேசத்தைக் காக்க ஓடிவரும் தொண்டர் படை போதிய பயிற்சியும் ஏற்பாடும் இல்லாமல் சிதறுகிறது. அதே 1871இல் ஆல்டர்ஷாட் பகுதியில் பெரிய இலையுதிர்காலப் பயிற்சிப் போர்கள் தொடங்கின. அங்கே தீர்ப்புச் சொல்ல நடுவர்கள் இருந்தார்கள். மான்செஸ்டர் தொண்டரான ஸ்பென்சர் வில்கின்சன் போர்த்தந்திரப் பயிற்சிக்காகவே ஒரு சங்கம் நடத்தி, 1884இல் தொண்டர் படைச் சீர்திருத்தம் பற்றிப் புத்தகமும் எழுதினார். சீர்திருத்தக் குரல் படைக்குள்ளிருந்தே வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அந்த மனிதர்களின் அக்கறை நடிப்பல்ல என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே குற்றத்தைக் கூட்டத்தின் மீது போட நான் தயாரில்லை. கூட்டம் இல்லையென்றால் படையே கலைந்திருக்கக்கூடும். அணிவகுப்பை மக்களுக்கும் சண்டைப் பயிற்சியை நடுவர்களுக்கும் என்று தொடக்கத்திலேயே பிரித்திருக்கலாம். இரண்டையும் ஒரே பிற்பகலில் அடக்கியதுதான் பிழை. அந்தப் பிழைக்குப் பொறுப்பு, போர் தெரிந்தும் அதற்குத் தலைமை தாங்கிய தளபதிகளுடையது.